குலசிங்கம் சிரிக்க வேண்டும்

சிரிப்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கதிரேஷுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது, சொன்னவனும் அவனே: சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு சிரிப்பு வரும், டொராண்டோவிலிருந்து வரும், இரண்டு வருஷமாக யாருக்காகவும் பல்லைக் காட்டாத ஒரு மனுஷனின் சிரிப்பாக அது இருக்கும். ஆனால் இப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. இப்போது வராது. வாசிக்கிறவர்களும் அவனோடு சேர்ந்து உட்கார வேண்டியதுதான். அவன் உட்கார்ந்திருப்பது கோவில்பட்டியில், முத்தழகு அண்ணாச்சியின் சலூனில், சுழல் நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. துணிக்குள்ளே இரண்டு கைகள். வலதுகைக்குப் பக்கத்திலேயே கால்சட்டைப் பை. பைக்குள்ளே போன். தொடலாம், தடவலாம், எடுக்க முடியாது. கண்ணாடிக்கு மேலே அண்ணாச்சி சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்: நாற்காலியில் போன் எடுத்தால் காதுக்கு நான் பொறுப்பல்ல. போன வருஷம் ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் போன் பார்க்கத் தலையைக் குனிந்து காது மடலிலிருந்து ஒரு துளி ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து இந்தச் சட்டம். "திங்கக்கிழம ஹால்டிக்கெட்டுக்கு போட்டோவாம்லா? ஒங்கப்பா போன்ல சொல்லிட்டாரு. மிலிட்டரி கட்டு" என்றார் அண்ணாச்சி, மிஷினை ஒரு தட்டுத் தட்டி ஓடவிட்டபடி. கதிரேஷ் கண்ணாடியில் இருந்த தன் தலையைப் பார்த்து உள்ளுக்குள்ளே பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கிக் குரலில் அறிவித்தான்: நெற்றி வழியாகப் பிடரி செல்லும் முடிகள் அனைத்தும் இன்னும் சற்று நேரத்தில் புறப்படத் தயாராக உள்ளன. தானே சிரித்துக்கொண்டான். இது அந்தச் சிரிப்பு இல்லை. இது சில்லறை.

மூக்குக்கண்ணாடியா, டோக்கனா? அதுதான் இப்போது கேள்வி, மிஷின் வலது காதுக்குப் பின்னால் ஏறும்போது மூளைக்குள்ளும் அதே கேள்விதான் கிர்ரென்று ஏறியது. போனின் மேல் மூலையில், அந்தச் சின்ன வட்டத்தில், அனுப்புகிற நேரத்தில் இருந்தது மூக்குக்கண்ணாடிப் படமா, டோக்கன் படமா? ஒரே போனில் இரண்டு கணக்கு: மூக்குக்கண்ணாடி என்றால் பேராசிரியர் அரங்கநாயகம், தஞ்சாவூர், ஓய்வு. டோக்கன் என்றால் கதிரேஷ், பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு, கோவில்பட்டி; சாட் குழுவில் அவன் பெயர் காலிக்குடம். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது இந்த உலகத்தில் கதிரேஷ் ஒருவனுக்கு மட்டுமே தெரியும், அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான். பெஞ்சில் காத்திருந்தபோது பேராசிரியரின் தீர்ப்பைத் தட்டினான், "நிற்க" என்று தொடங்கி "என்பது என் துணிபு" என்று முடித்தான், அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி "அடுத்து" என்றார், விரல் அழுத்தியது, போன் பைக்குள் போனது. விரல் அழுத்தியது நினைவிருக்கிறது. வட்டம் நினைவில்லை. இப்போது நினைக்க நினைக்க வட்டத்துக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு டோக்கன் வந்து நின்று அவனை முறைத்தது.

நெய்தல்துறை என்பது ஓர் ஊர், ஆனால் எந்தப் படத்திலும் கிடையாது. படமே கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்து. நாற்பது ஐம்பது பேர் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு ஒரு சாட் குழுவில் எழுதி எழுதியே அந்த ஊரை நடத்தினார்கள். ஒருவர் கலங்கரை விளக்கக் காவலர், ஒருவர் உப்பு வியாபாரி, இன்னொருவர் ஊருக்குள் புகுந்துவிட்ட முதலை. "கதவைத் தட்டுகிறேன்" என்று ஒருவர் எழுதினால் "யாரது" என்று இன்னொருவர் எழுத வேண்டும். திறப்பதும் திறக்காததும் வீட்டுக்காரர் இஷ்டம். அடுத்தவர் வேஷத்தை நாம் அசைக்கக்கூடாது, அதுதான் ஊரின் முதல் சட்டம். போன தை மாதம் உப்பு வியாபாரி கையிலிருந்த வாழைப்பழத்தை முதலை கேட்காமல் தின்றுவிட்டதாக எழுதிவிட்டது, தின்றது செல்லுமா செல்லாதா என்று பதினெட்டு நாள் விவாதம். பழம் செல்லும், தோல் செல்லாது என்று தீர்ப்பானது. அந்த விவாதத்தில்தான் ஊர் இரண்டாக உடைந்தது: பத்திக் கட்சி, ஒத்தவரிக் கட்சி. பத்திக் கட்சிக்காரர்கள் கதவைத் தட்டவே முந்நூறு சொல் எடுப்பார்கள், கதவின் மரம், மரத்தின் தாத்தா மரம். ஒத்தவரிக் கட்சித் தலைவர் வத்தலக்குண்டு வாசு. அவர் எழுதுவது "தட்டினேன்." அவ்வளவுதான். கதிரேஷ் காலையில் பத்திக் கட்சி, மாலையில் ஒத்தவரி. பேராசிரியராக வாசுவைத் திட்டுவான், காலிக்குடமாக வாசுவுக்குக் கை தட்டுவான், நடுவில் டியூஷனுக்குப் போய் வேதியியல் சாரைப் போல மூக்கால் "சோடியம் என்னய்யா பண்ணும்? எலக்ட்ரானைக் குடுத்துட்டு நிம்மதியா ஒக்காரும்" என்று பேசிக்காட்டி வெளியே நிற்பான். எந்தக் குரல் காதில் விழுந்தாலும் அது அவன் தொண்டையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். காய்கறி வண்டி ஒலிபெருக்கி, தேர்தல் ஆட்டோ, பெரியப்பா தும்மல். வீட்டில் அவன் ஒருத்தனுக்குத்தான் இந்த வித்தை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பாவுக்கு ஒரே குரல். அம்மாவுக்கு இரண்டு. அக்கா செண்பகாவுக்கு எதுவுமே கிடையாது. மூன்று வருஷமாக மாடி அறையில் குரூப் டூ பரீட்சைக்குப் படித்துப் படித்து அவள் ஒரு குறிப்பேடு மாதிரி ஆகிவிட்டாள். அவள் போனை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், பாஸ் பண்ணினால்தான் சாவி. மாதிரித் தேர்வு எழுத நெட்டோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டும் மாடியில். அது ஒரு கிழடு, சுவிட்சைப் போட்டால் இருமி, கனைத்து, கண் விழிக்க நாலு நிமிஷம். விழித்த பிறகு படபடவென்று மழை பெய்கிற மாதிரி தட்டச்சுச் சத்தம் மாடியிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும், காலையிலிருந்து சாயங்காலம்வரை. ஒரு தடவை கதிரேஷுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாலு விடையில் ஒன்றைத் தொட்டுக் காட்டுகிற பரீட்சைக்கு எதற்கு இவ்வளவு தட்டச்சு? அந்தச் சந்தேகம் வந்த நேரத்தில் அடுப்படியில் வடை பொரியும் சத்தமும் வந்தது. வடை ஜெயித்தது.

"தலையக் குனி." குனிந்தான். தரையில் யாரோ ஒருவரின் நரைமுடியோடு அவன் முடியும் கலந்து கிடந்தது. பதினொன்றாகியிருக்கும். ஆகவில்லையோ? கடிகாரம் முதுகுப் பக்கம் இருக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் திருப்பிப் போட்ட நேரம், பெரிய முள்ளை இடவலம் மாற்றினால் பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம், அல்லது பதினொன்று இரண்டு. நெய்தல்துறையில் வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டுப் போட்டி. யார் வேண்டுமானாலும் ஒரு குட்டி எழுத்து விளையாட்டு செய்து அனுப்பலாம்: திரையில் நாலு வரி வரும், கீழே இரண்டு மூன்று வழி வரும், எதைத் தொடுகிறோமோ அந்தப் பக்கம் கதை போகும். நடுவர்கள் நாலு பேர். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒருவர் பின் ஒருவராகத் தீர்ப்பை எழுதுவார்கள். கிள்ளான் சாரதாம்பாள், மலேசியா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எந்த விளையாட்டைப் பார்த்தாலும் "பிள்ள நல்லாதான் செஞ்சிருக்கு லா, ஆனா கையெழுத்து சரியில்ல" என்பார், தட்டச்சில் எங்கே கையெழுத்து என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. டாக்டர் பிலோமினா, திண்டுக்கல், கால்நடை மருத்துவர். "கன்று பிறந்துவிட்டது, நிற்கிறது, ஆனால் பின்னங்கால் நடுங்குகிறது, ஆறு மதிப்பெண்" என்பது மாதிரி எழுதுவார். மூன்றாவது பேராசிரியர் அரங்கநாயகம், அவரைத் தெரியும். நடுவர் தேர்தலில் அவருக்கு விழுந்த பதினாறு ஓட்டில் ஒன்று காலிக்குடம் போட்டது, மீதிப் பதினைந்தும் நல்ல ஓட்டு. எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் ஒரு தில்லுமுல்லு ஜெயித்தது என்று கதிரேஷ் அன்று தனக்குத்தானே மாலை போட்டுக்கொண்டான்.

நாலாவது குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் இரவுக் காவல் வேலை என்று சொல்லியிருந்தார், அதனால்தான் இங்கே பகலில் எப்போது பார்த்தாலும் விழித்திருப்பார். அவர் சிரிக்கமாட்டார். முதலை வாழைப்பழத்தைத் தின்றபோது ஊரே உருண்டது, குலசிங்கம் மட்டும் "தோலை ஆர் கூட்டுறது?" என்று கேட்டார். போன வருஷம் கதிரேஷ் முதல்தடவையாக ஒரு விளையாட்டு செய்து அனுப்பினான், ஒரே தெருவில் பத்துப் பேர் பத்துக் குரலில் சண்டை போடுகிற விளையாட்டு. சாரதாம்பாள் ஏழு கொடுத்தார், பிலோமினா ஏழு. குலசிங்கம் நாலு. நாலு கொடுத்துவிட்டு, நாலு பக்கம் எழுதினார். எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறது, எந்த நகைச்சுவை மூன்று வரி முன்னாலேயே வாசலில் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது, எல்லாம். கடைசி வரி இது: "தம்பி, உமக்கு எல்லாற்றை குரலும் வருது. உம்மடை குரல் எங்கை போட்டுது?" கதிரேஷ் அதை வாசித்துவிட்டு அன்று முழுக்கக் குலசிங்கத்தைப் போலவே பேசிக்காட்டிக்கொண்டு திரிந்தான், சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் "ஓமோம், வாறன்" என்றான், படியிறங்கிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டு "போடா கோமாளி, வாயில் வராத பாஷையெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றாள், ஒரு படியில் நின்று "ஓமோம்னு இழுக்கக்கூடாது, வெட்டணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அது கிடக்கட்டும். சாயங்காலம் மொட்டைமாடியில் தனியாக உட்கார்ந்தபோது ஒரு விஷயம் நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்தியது: அவன் எழுதின ஒன்றை இந்த உலகத்தில் யாராவது நாலு பக்கத்துக்கு மதித்தது அதுதான் முதல்தடவை. வகுப்பில் சிரிப்பார்கள், வீட்டில் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் தட்டைக் கழுவப் போய்விடுவார்கள். இந்த ஆள் சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. இவரைச் சிரிக்கவைக்க வேண்டும். இவர் சிரித்தால்தான் தான் எழுதுகிற ஆள், இல்லையென்றால் வெறும் பேசிக்காட்டுகிற ஆள். இப்படி ஒரு பந்தயத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் எழுதினான்.

புது விளையாட்டின் பெயர் டோக்கன் நாற்பத்தேழு. ஏதோ ஓர் அலுவலகம், சாதிச் சான்றிதழுக்கு ஒரு பையன் அம்மாவோடு காத்திருக்கிறான், கையில் நாற்பத்தேழு. நாற்பத்தாறைக் கூப்பிடுகிறார்கள். பிறகு சாப்பாட்டு நேரம். பிறகு நாற்பத்தெட்டைக் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தேழு என்று ஒரு எண் இருக்கிறது என்பதை இனி அவன் நிரூபிக்க வேண்டும். கேள், கெஞ்சு, கத்து, எந்த வழியைத் தொட்டாலும் எழுத்தர் "உக்காருங்க" என்பார். யாரும் தொடமாட்டார்கள் என்று அடியில் ஒரு வழி வைத்திருந்தான்: கொட்டாவி விடு. ஒருதடவை தொட்டால் ஒன்றும் ஆகாது. பதினோரு தடவை தொட்டால் எழுத்தருக்கு ஒட்டிக்கொள்ளும். அவரிடமிருந்து தட்டச்சரம்மாவுக்கு, தட்டச்சரம்மாவிடமிருந்து பியூனுக்கு, பியூன் தேநீரோடு உள்ளே போக அதிகாரிக்கு, அதிகாரி வாயைப் பிளந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டே எதிரே இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அது அவர் விடுப்பு விண்ணப்பம். இதில் பேசிக்காட்டல் எதுவும் இல்லை. இது ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கும் அம்மாவுக்கும் நடந்தது, கொட்டாவி வரைக்கும். போன புதன் இரவு சாப்பாட்டுக்கு முன் அனுப்பினான். வியாழக்கிழமை ஏதாவது சத்தம் வருமா என்று காத்திருந்தான். வந்தது, ஆனால் வேறெங்கோ: பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் அக்காவுக்குத் தண்ணீர் புரைக்கேறி ஒரே இருமல், வீடே அதிர்ந்தது, அம்மா ஓடிப்போய்த் தலையில் தட்டுகிற சத்தம், "ஏட்டி, படிக்கையில என்னட்டி அப்படி?" என்று கேட்கிற சத்தம், அவள் மூச்சு வாங்கிக்கொண்டு "நாப்பத்திரெண்டாவது திருத்தம்மா" என்று சொல்கிற சத்தம். கதிரேஷ் கீழேயிருந்து செய்தி வாசிப்பவர் குரலில் "மாடியில் கடும் இருமல், அரசியலமைப்புக்குச் சேதம் இல்லை" என்று கத்தினான். போனை மறுபடி பார்த்தான். குலசிங்கம் மௌனம்.

உர்ர். தொடையில் போன் அதிர்ந்தது. ஒன்று. கதிரேஷ் நிமிர்ந்தான். "எங்கடே துள்ளுத?" என்று அண்ணாச்சி மண்டையைப் பிடித்து அமுக்கினார். பதினொன்று ஆகிவிட்டது, முதல் தீர்ப்பு, சாரதாம்பாளாக இருக்கும், அவர்தான் பள்ளி மணி மாதிரி சரியாக வருவார். உர்ர். இரண்டு. பிலோமினா. மொத்தம் நாலு தீர்ப்பு, பேராசிரியருடையது முன்னாலேயே போய்விட்டது, ஆக இன்னும் ஒன்றே ஒன்று வர வேண்டும், மூன்றாவது உர்ர் குலசிங்கம். உர்ர். வந்துவிட்டது! சிரித்திருப்பாரா? அவர் சிரித்தால் எப்படி எழுதுவார், ஹா ஹா என்றா, அது அவருக்கு ஒட்டாதே. உர்ர். நாலு. ஏன் நாலு? உர்ர். ஐந்து, ஆறு, ஏழு. நாலு பேர் தீர்ப்புக்கு ஏழு உர்ர் எதற்கு? கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான்: டோக்கன். மூக்குக்கண்ணாடி இல்லை, டோக்கன். பேராசிரியரின் தீர்ப்பு காலிக்குடத்தின் வாயிலிருந்து விழுந்திருக்கிறது. "நிற்க. அன்பர் காலிக்குடம் யாத்துள்ள ஆட்டம் செவ்விய நகைச்சுவைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எட்டு மதிப்பெண்." இதைக் காலிக்குடமே சொன்னால்? எட்டு, பிரித்துப் பார்த்தால் சந்தேகம் வராத எட்டு, பத்துக் கொடுக்காமல் அடக்கி வாசித்த எட்டு, அந்த எட்டின் அடக்கத்தை நினைத்து இப்போது அவனுக்கே காது சுட்டது. உர்ர் உர்ர் உர்ர். ஊர் கூடிவிட்டது. முதலை வந்திருக்கும், உப்பு வியாபாரி வந்திருப்பார், வாசு ஒரே சொல்லில் கொன்றிருப்பார். சட்டம் தெரியும், அந்தச் சட்டத்தைப் பேராசிரியர்தான் எழுதிக் கொடுத்தார்: இரட்டை வேடமிட்டு வாக்கோ மதிப்பெண்ணோ அளிப்போர் நெய்தல்துறையினின்றும் நாடு கடத்தப்படுவர், அன்னாரின் படைப்புகள் நீக்கப்படும் என்பது என் துணிபு. நீக்கிவிட்டால் குலசிங்கம் கொட்டாவிவரை போகவேமாட்டார். பதினோரு தடவை தொட வேண்டுமே! எந்த மனுஷன் பதினோரு தடவை கொட்டாவி விடுவான்? ஏழு என்று வைத்திருக்கலாம், ஐந்து போதும், ஏன் பதினொன்று? உர்ர். "சும்மா இருடே, தலைக்குள்ள என்ன மோட்டாரா ஓடுது?" என்றார் அண்ணாச்சி. உர்ர். பதினாலு. உர்ர்.

கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மிஷின் ஒரு முனகலோடு நின்றது. மேலே மின்விசிறி இன்னும் இரண்டு சுற்றுக்கு வாழ்ந்து செத்தது. தெருவில் மாவு மில் நின்றது, எதிர்வீட்டு டிவி பாதிப் பாட்டில் நின்றது. தொடையில் போனும் நின்றது. "போச்சா" என்றார் அண்ணாச்சி, மிஷினை உதறிப் பார்த்து. "ஒங்க தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மரு, காத்தடிச்சா கண்ண மூடிக்கிடும்." கதிரேஷ் கண்ணாடியைப் பார்த்தான். வலது பக்கம் ஒரு போலீஸ்காரர். இடது பக்கம் ஒரு கவிஞர். "கத்திரில முடிச்சிருங்களேன் அண்ணாச்சி." "மிலிட்டரி கட்டுக்குக் கத்திரி ஒத்துவருமாடே? மேடும் பள்ளமுமா போயிரும், ஒங்கப்பா என் கைய முறிச்சிருவாரு. போயி பெஞ்சில ஒக்காரு, வந்துரும்." துணியை அவிழ்த்தார். கைகள் வெளியே வந்தன, ஆனால் பையைத் தொட இப்போது பயமாக இருந்தது, பத்து நிமிஷம் முன்னால் தவித்த அதே கை கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றது.

எடுத்தான். வட்டத்தில் டோக்கன். சந்தேகமே வேண்டாம், பளிச்சென்று, சிரித்துக்கொண்டு, டோக்கன். கீழே காலிக்குடத்தின் பெயரில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே சாரதாம்பாள்: "ஐயோ, இது யாரு லா பேசுறது? குடமா, வாத்தியாரா?" பிலோமினா: "ஒரு உடம்பு, இரண்டு தலை. இப்படி ஒரு கன்றை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பால் குடித்தது." முதலை "ஒரு வாழைப்பழம் உரிக்கிறேன்" என்று எழுதியிருந்தது. வாசு: "மாட்டினான்." பிறகு சாரதாம்பாளுக்கும் பிலோமினாவுக்கும் நாடு கடத்துவது பற்றிப் பெரிய வாக்குவாதம், ஒருவர் பையன் பாவம் என்கிறார், மற்றவர் சட்டம் சட்டம்தான் என்கிறார், இரண்டு பேரும் மூச்சுவிடாமல் மாறி மாறி, கடைசியில் இரண்டு பேருமே "குலசிங்கம் ஐயா சொல்லட்டும்" என்று நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே, பதினொன்று பதினேழுக்கு, குலசிங்கம் வந்திருந்தார். "பொறுங்கோ. நான் எழுதுறன்." அவ்வளவுதான். அப்புறம் ஒன்றுமில்லை. ஆள் குழுவில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் பொட்டு அவருக்கு இல்லை. சாரதாம்பாளுக்கும் இல்லை. பிலோமினாவுக்கும் இல்லை. வாசு எழுதியிருந்தார்: "மூணு நடுவரும் ஒரே மூச்சில் காணோம்."

கதிரேஷ் மூன்று பெயரையும் விரலால் தொட்டு மறுபடி எண்ணினான். ரகசியக் கூட்டம். வேறென்ன? மூன்று பேரும் ஒரே நொடியில் வெளியேறி, எங்கோ ஒரு தனி அறையைப் பூட்டிக்கொண்டு, அவன் கதையை முடித்துக்கொண்டிருக்கிறார்கள். இது முதல்தடவை இல்லை, யோசித்துப் பார்த்தால் இவர்கள் மூன்று பேரும் ஒரு கூட்டுக்களவாணிக் கும்பல். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம்வரை மூன்று பேருமே தலைகாட்டவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, அன்று அக்கா சாத்தூருக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தாள், டிவி ரிமோட் அவன் கையில், மாடியில் மழைச்சத்தம் இல்லை, அப்படி ஒரு நிம்மதியான நாளில் இவர்கள் எங்கே போய்க் கூடினார்கள்? மலேசியாவும் திண்டுக்கல்லும் கனடாவும் எந்த இடத்தில் கூடும்? பொங்கலன்று இன்னும் மோசம், மூன்று பேரும் ஒரே மாதிரி, சர்க்கரைப் பொங்கலில் அடிபிடித்துவிட்டது என்று எழுதினார்கள். கிள்ளானிலும் அடிபிடித்தது, டொராண்டோவிலும் அடிபிடித்தது. ஏன், நம் வீட்டிலும்தான் அடிபிடித்தது. உலகம் முழுக்க அந்த வருஷம் வெல்லம் சரியில்லை என்று அன்று நினைத்துக்கொண்டான். இப்போது புரிகிறது, பேசி வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அவன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தட்டத் தொடங்கினான். பேராசிரியர் குரலில் வந்தது, அழித்தான். வேதியியல் சார் குரலில் வந்தது, அழித்தான். தேர்தல் ஆட்டோ குரலில், உங்கள் பொன்னான வாக்குகளை என்று வந்தது, அதையும் அழித்தான். எல்லாக் குரலும் வந்து வந்து நின்றது, இவன் குரல் மட்டும் டோக்கன் வாங்கி எங்கோ காத்திருந்தது. கடைசியில் இப்படி எழுதினான்: "நான்தான் ரெண்டு பேரும். எட்டு போட்டது தப்பு. விளையாட்டை அழிச்சிருங்க, பரவாயில்ல. அழிக்கிறதுக்கு முந்தி குலசிங்கம் ஐயா மட்டும் கொட்டாவிய பதினோரு தடவ அமுக்கிப் பாக்கணும்." அனுப்பினான். வட்டத்தில் டோக்கன்தான். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினான். வாசு ஒரு வரி போட்டார்: "நல்ல வரி." பெஞ்சில் பக்கத்தில் ஷேவிங்குக்குக் காத்திருந்த பெரியவர் அவன் தலையை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "இதான் இப்ப பேஷனா?" என்று கேட்டார்.

டப்பென்று மின்விசிறி அசைந்தது. எதிர்வீட்டு டிவி வேறு பாட்டுக்கு நடுவில் விழித்தது, மாவு மில் தொண்டையைச் செருமியது. "வந்துட்டு! வாடே, ஏறு" என்றார் அண்ணாச்சி, மிஷினை ஓடவிட்டபடி. கதிரேஷ் போனைப் பார்த்தான். பச்சைப் பொட்டு இல்லை. "ஒரு நிமிஷம் அண்ணாச்சி." இல்லை. "ரெண்டே நிமிஷம்." "பின்னால ஆளு நிக்காங்கடே." இல்லை, இல்லை, கூட்டம் இன்னும் முடியவில்லை. "அண்ணாச்சி, தாத்தாவுக்கு ஷேவிங் பண்ணுங்க மொதல்ல, நான் இருக்கேன்." தாத்தா நாற்காலியில் ஏறி, துணி உதறி, நுரை குழைந்து, கன்னத்தில் முதல் பட்டை விழுந்தபோது ஒரு பச்சைப் பொட்டு. சாரதாம்பாள். அடுத்து பிலோமினா. அடுத்து குலசிங்கம். இமைக்கிற நேரத்துக்குள், ஒரே வரிசையில், மூன்று. சாரதாம்பாள் ஒன்றும் பேசவில்லை, பிலோமினா ஒன்றும் பேசவில்லை. குலசிங்கம் எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறார் என்றது போன். பிறகு வந்தது.

"தம்பி காலிக்குடம். பேராசிரியரும் நீரும் ஒரே ஆள் எண்டு எனக்கு முதலே தெரியும், உம்மை வெளியாலை சொல்ல வைக்கத்தான் பொறுத்தனான். சொல்லிப்போட்டீர். தீர்ப்பு இதுதான்: டோக்கன் நாற்பத்தேழு போட்டியிலை இருந்து நீக்கம். அழிக்கேல்லை, நீக்கம் மட்டும். பேராசிரியருக்குப் பணி ஓய்வு. நீர் ஊரிலை இருக்கலாம். இனி மற்றது. பதினோரு தரம் அமுக்கச் சொல்லி நீர் இப்பதான் கெஞ்சுறீர், நான் வியாழக்கிழமையே அமுக்கிப்போட்டன். எழுத்தர் கொட்டாவி விடேக்கை சிரிப்பைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். பியூன் தேத்தண்ணியோடை உள்ளை போகேக்கையும் பிடிச்சுக்கொண்டிருந்தன். அந்தாள் லீவுக் கடிதத்திலை கையெழுத்துப் போட்ட இடத்திலை என்ரை வாயிலை தண்ணி இருந்தது. புரைக்கேறிப் போச்சு. தலையிலை தட்ட ஆள் ஓடி வந்தது. என்ன படிக்கிறாய் எண்டு கேட்டதுக்கு நாற்பத்திரண்டாம் திருத்தம் எண்டு சொல்லித் தப்பினன். உம்மடை குரல் வந்திட்டுது, தம்பி."

கதிரேஷ் ஒருதடவை வாசித்தான். வாய் காதுவரை போயிற்று, முடி இல்லாத காதுவரையும் முடி இருக்கிற காதுவரையும். சிரித்திருக்கிறார்! குலசிங்கம் சிரித்திருக்கிறார், டொராண்டோவில், பனியில், தண்ணீர் புரைக்கேறி. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். எடுத்து இரண்டாவது தடவை வாசித்தான். தண்ணி, புரை, வியாழக்கிழமை. தலையில் தட்ட ஆள். டொராண்டோவில் ராத்திரிக் காவல் வேலை பார்க்கிற மனுஷன் தலையில் தட்ட யார் ஓடி வருவார்கள்? கனடாவுக்கு எதற்கு நாற்பத்திரண்டாம் திருத்தம்? அவன் வாய் காதுவரை போன இடத்திலேயே நின்றுகொண்டது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது, இத்தனை நேரம் செத்துக் கிடந்து இப்போது சுற்றியது, சாரதாம்பாளும் பிலோமினாவும் சேர்ந்து சுற்றினார்கள், அடிபிடித்த பொங்கல் சுற்றியது, சாத்தூர் சுற்றியது, ஓமோம்னு இழுக்கக்கூடாது வெட்டணும் என்று படியில் நின்ற ஒரு குரல் சுற்றியது, நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற பரீட்சைக்குப் பெய்த அத்தனை மழையும் சேர்ந்து அவன் பாதித் தலையில் ஒரே நேரத்தில் கொட்டியது. சிரிப்பு வியாழக்கிழமையே வந்துவிட்டது. அவன் தலைக்கு மேலே, ஒரு தளம் தள்ளி, வீடே அதிர வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அவன் கீழே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி சவரக்கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார், நுரைக்குள்ளிருந்து தாத்தாவும் ஒரு கண்ணைத் திறந்தார், ஏனென்றால் பெஞ்சிலிருந்த பையன் எழுந்து நின்றுகொண்டு, யார் குரலிலும் இல்லாமல், தெருமுனைவரை கேட்கும்படி ஒரே ஒரு சத்தம் போட்டான்.

"எக்கா!"